சுங்கமில்லாத கரை

சனி இரவு பத்துக்கு ஷிப்ட் முடிந்தபோது
என் லேனில் மட்டும்
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழு வண்டிகள்.
எல்லாம் ஓசூர்ப் பக்கம்.
கண்ணை மூடிப் படுத்தாலும்
தடுப்புக் கழி ஏறுகிறது, இறங்குகிறது.

ஞாயிறு ஐந்தரைக்கு
ஷமீம் வந்து மணியடிக்கிறாள்.
நாலாவது லேன்காரி.
தம்பியின் சைக்கிள், சீட்டை இறக்க
ஸ்பேனர் கிடைக்காமல்
நுனிக்காலில் மிதித்து வந்திருக்கிறாள்.
என்னுடையது கியர் வைத்தது.
ஏழு தவணை பாக்கி.
இருபத்தொரு கியரில்
மூன்றுதான் எனக்குப் பழக்கம்.

அணை மதகைத் தாண்டி
கால்வாய்க் கரை மண்பாதைக்குள் திரும்பியதும்
யாரோ அணைத்த மிக்ஸிபோல
நெடுஞ்சாலை நின்றுபோனது.
அப்புறம்தான் கேட்டது
என் செயினில் எண்ணெய் இல்லை என்பது.

இடப்பக்கம் தண்ணீர்,
எங்கள் வேகத்துக்கே வருகிறது.
வலப்பக்கம் மாந்தோப்பு.
பூ மணத்தோடு
விடியலில் அடித்த மருந்தின் நெடி.
தூரத்தில் கோட்டைமலை,
உச்சி மதிலில் பல் போன இடங்களில் வெளிச்சம்.
பன்னிரண்டு கோட்டை நாடு இது என்பார்கள்.
நான் எண்ணிப் பார்த்தது நாலு,
அதில் ஒன்று பஸ் ஜன்னலிலிருந்து.

எதிரே வந்தவை மொத்தம்
பால்கேன் கட்டிய ஒரு டி.வி.எஸ்,
மூன்று எருமைகள்.
ஷமீம் எண்ணினாள், பழக்கதோஷம்.
"எருமைக்கு எந்த வகைக் கட்டணம்?"
"ரெண்டு அச்சு, இலகுரகம்" என்றேன்.
முதல் எருமை எங்களைப் பார்த்த பார்வையில்
கனரகத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

வளைவில் ஒரு புளியமரம்.
அடியில், முழங்கால்வரை மண்ணுக்குள்
ஒருவன் நிற்கிறான் கல்லில்.
கையில் வாள். மார்பில் இரண்டு அம்பு.
காலருகே நாய்.
தலைக்கு மேல் எழுத்து,
சிக்கிய இயர்போன் வயர்போல
உருண்டு உருண்டு.
பின்பக்கம் சிவப்புப் பெயிண்டில்
'போர்வெல் போடப்படும்',
கடைசி எண் உதிர்ந்த ஒரு கைபேசி.

முதுகில் ஸ்பிரேயரோடு வந்த பெண்
எங்கள் வயதுதான்.
"மாடு ஓட்டிட்டுப் போக வந்தவங்கள
மறிச்சு நின்னானாம்."
பேர்?
"அதெல்லாம் தெரியாதுங்க.
கூரியர்காரனுக்கு வழி சொல்ல
இவன்தான் எங்களுக்கு அடையாளம்."
தோப்புக்குள் போய்விட்டாள்.

மறித்து நிற்பதுதான் எங்கள் வேலையும்.
கண்ணாடி இறக்காமல் திட்டிப் போனவர்கள் உண்டு.
போன மார்கழியில்
நாலாவது லேன் கழியை
முறித்துக்கொண்டு போனது ஒரு லாரி.
ஷமீம் அப்போது கேபினுக்குள்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
இரண்டடி வெளியே நின்றிருந்தால்
சிசிடிவியில் ஆறு நொடி இருந்திருப்பாள்.
அதை அவள் இப்போது சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பாட்டிலைத் திறந்து
கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினாள்.
ஈரம் பட்ட இடத்தில்
எழுத்துகள் கொஞ்சம் எழுந்தன.
ஒரு 'ன' பிடிபட்டது,
அல்லது அது கீறல்.
நாயின் வாலை விரலால் துடைத்துவிட்டு
"கிளம்பு" என்றாள்.

அடுத்த ஆறு கிலோமீட்டர்
பேசவில்லை.
காற்று எதிரே.
ஒரு இறக்கத்தில் கைகளை விட்டாள்,
துப்பட்டா ஒருபுறம், அவள் ஒருபுறம்.
நான் நாலாவது கியரைப் போட்டுப் பார்த்தேன்.
போடலாம்.

கரை முடியும் இடத்தில்
பொதுப்பணித்துறைச் சங்கிலி,
துருப்பிடித்த பூட்டு.
சைக்கிளைச் சாய்த்து
அடியில் நுழைத்தோம், குனிந்து
நாங்களும் நுழைந்தோம்.
சங்கிலி எதுவும் கேட்கவில்லை.
ஷமீம் திரும்பி நின்று
அதே வேலைக்குரலில் அதனிடம் சொன்னாள்:
"நன்றி, மீண்டும் வருக."